சரிவுப் பாதையில் இறங்கிய முதல் வண்டி

தாராவி ரயில் பாலத்தில் காலையிலேயே வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. பஸ், லாரி, கைவண்டி எதுவும் அசையவில்லை. நடுப்பாலத்தில் பிரிந்து, தூண்கள் மேல் தாராவிக்குள் இறங்கும் புதிய சரிவுப் பாதை மட்டும் காலியாகக் கிடந்தது. வேலை முடிந்து ஒரு மாதமாகிறது. மந்திரி வந்து திறக்க வேண்டும், மந்திரிக்கோ நேரமில்லை. அதுவரை குறுக்கே மூங்கில் தட்டி.

வரவேற்புக் குழுத் தலைவர் மளிகைக்கடை வானமாமலை. மந்திரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துச் சொந்த ஊரான திசையன்விளைக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால் காவலுக்குக் கடைப்பையன் பூலோகத்தை நிறுத்தி, ஒரு சைக்கிளைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. அன்றும் வாழைமரம், தோரணம், ரிப்பனைச் சரிபார்க்க வந்திருந்தார்.

பட்டறைக்குத் தோல் நிறைந்த கூடையைத் தலையில் சுமந்து வந்த பேராச்சி நின்றாள். "அண்ணாச்சி, சுமையோட இம்புட்டுத் தூரம் சுத்திப் போறோமே, இந்த வழியா விட்டா என்ன?"

"மந்திரி கால் படாத எடத்துல நீ நடக்கணுமாக்கும்? போ, போ!"

அவள் நகர்வதற்குள் கீழே தோல் பட்டறைச் சந்திலிருந்து கரும்புகை எழுந்தது. சற்று நேரத்தில் கணகணவென்று மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி பாலமேறியது. எப்படியோ இடித்துப் பிடித்து நடுப்பாலம் வரை வந்துவிட்டது. அதற்குமேல் வழியில்லை.

"அரே, ரஸ்தா கோலோ!" என்று வழியைத் திறக்கச் சொல்லி டிரைவர் இந்தியில் கத்தினார்.

பூலோகம் தலைவரைப் பார்த்தான். "தொறக்கட்டுமா அண்ணாச்சி?"

வானமாமலை தோரணத்தையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். மந்திரிக்கு என்ன பதில் சொல்வது?

பேராச்சி கூடையைக் கீழே போட்டாள். "பட்டறைக்குள்ள எங்க பொம்பளையெல்லாம் வேலை பாக்காவ அண்ணாச்சி!"

அந்த அலறல் அவரை உலுக்கிவிட்டது. "தட்டியப் பிடுங்குல பூலோகம்!" என்று பாய்ந்து தாமே மூங்கிலைப் பற்றி இழுத்தார். வாழைமரம் சாய்ந்தது, ரிப்பன் அறுந்தது. தீயணைப்பு வண்டி சரிவில் பறந்து இறங்கியது. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி நின்று ஆரவாரம் செய்தார்கள்.

வண்டிக்குப் பின்னால் வானமாமலையும் ஓடினார். பட்டறைக் கூரை எரிந்து போயிற்று. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் இருமிக்கொண்டே உயிரோடு வெளியே வந்தார்கள். பின்னாலேயே லாரிகளும் கைவண்டிகளும் இறங்க, பாலம் மளமளவென்று காலியாயிற்று.

சாயங்காலம் பாலத்து என்ஜினீயர் வேங்கடசுப்ரமணியன் மாதுங்காவிலிருந்து பதறி வந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தேள்? மினிஸ்டருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

வேறொரு நாளாயிருந்தால் வானமாமலை கைகட்டி நின்றிருப்பார். இன்று நிமிர்ந்து நின்றார், சட்டையெல்லாம் கரி.

"நான்தான் தொறந்தேன்யா. ஜனங்க போறதுக்குப் போட்ட பாதைய ஒரு பெரிய மனுசருக்காக அடைச்சு வச்சது எங்க புத்திகெட்டதனம். மந்திரி எப்ப வந்தாலும் கும்பிட்டு வரவேற்போம். ஆனா ஜனங்க வழிய இனி எவனுக்காகவும் அடைக்க மாட்டோம்!"