சாட்சி சொல்லப் போனவன்

போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும், அதை முழுப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, மகன் எந்நேரமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான், சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும், கூப்பிட்டால் ம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அன்றைக்கு அந்த ஒரு நொடியில் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டுமா... கதவு இன்னும் சாத்தியேதான் இருக்கிறது. மேல்பாதியில் மங்கல் கண்ணாடி. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைகிறது, மகனா, அவனை விசாரிக்கும் பெண் அதிகாரியா, சொல்ல முடியவில்லை. போக்குவரத்துக் காவல் நிலையத்தின் இந்த நடைகூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தால் பிணைத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவர் அசைந்தால் வரிசையே அசைகிறது, பக்கத்தில் தம்பி காலை ஆட்டிக்கொண்டிருப்பதால் அவளுக்கும் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கிறது, சின்ன வயதிலும் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் ஆட்டுவான், ஆட்டாதேடா என்று தொடையில் ஒன்று வைப்பாள், இன்றைக்கு எந்த வாயால் சொல்வது, ஆட்டிக்கொள்ளட்டும், அவன் பிழைப்பே அந்தக் கதவுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது, அவள் பெற்ற பிள்ளையின் வாயில் இருக்கிறது.

தம்பி வேன் ஓட்டுகிறான், கடைகடையாகச் சரக்கு இறக்குகிற வேன். அன்றைக்கு மகனுக்குக் கல்லூரி விடுமுறை, மாமாவுக்குப் பேச்சுத்துணையாகப் போகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான். நாற்சந்தியில் வேன் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது, ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் மனிதர், தொடை எலும்பு முறிந்துவிட்டது. தம்பி வண்டியை விட்டுவிட்டு ஓடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், தானே அவரைத் தூக்கி வேனில் கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தான், வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் அவருடைய ரத்தம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் கேட்டதும் பச்சை விளக்கில்தான் போனேன் என்று வாயில் வந்துவிட்டது. பயத்தில் வந்த வார்த்தை, வந்த பிறகு அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சைக்கிள்காரர் சிவப்பு என்கிறார். அந்த இடத்தில் கேமரா இல்லை, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், மிச்சம் இருப்பது முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவன். அவன் சிவப்பு என்றால் தம்பிக்கு லைசென்ஸ் போகும், வேலை போகும், வழக்கு வரும். பச்சை என்றால் அந்த மனிதர் தன் காலைத் தானே உடைத்துக்கொண்டவர் ஆகிவிடுவார்.

பச்சைன்னு சொல்லச் சொல்லலடா, என்று அவள் சமையலறையில் வைத்து மகனிடம் சொன்னாள், பாக்கலன்னுதான் சொல்லச் சொல்றேன், ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. அவன் கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தான். ஆனா நான் பாத்தேனேம்மா, என்றான். கோபமில்லை, எதிர்த்துப் பேசுகிற குரலும் இல்லை, அதுதான் அவளை அப்படிப் பதற வைத்தது, கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். மாமா உனக்கு யாருடா, என்று கேட்டாள், கேட்டிருக்கக் கூடாது, அவனுக்கா தெரியாது? அப்பா இறந்தபோது பேச்சு சரியாக வராத பிள்ளை அவன், சைக்கிள் பழக்கியது மாமா, பள்ளிக்கூடத்தில் அப்பாக்களைக் கூப்பிட்ட நாட்களில் எல்லாம் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வியர்வையோடு போய் நின்றது மாமா, அம்மை போட்டிருந்தபோது இரவெல்லாம் விசிறியது மாமா. அவ்வளவும் அவனுக்கு மனப்பாடம். அதையெல்லாம் தெரிந்தும் ஒருவன் தட்டைத் துடைத்தபடி நான் பாத்தேனேம்மா என்கிறான் என்றால், அது எங்கிருந்து வந்தது, யார் போட்ட விதை?

யாரென்று கேட்பானேன், அவள்தான். சின்ன வயதில் ஒருநாள் அவன் கடையில் கேட்காமல் ஒரு அழிரப்பரை எடுத்து வந்துவிட்டான், பழ வாசனை வரும் ரப்பர், பாதியைக் கடித்துத் தின்றும் இருந்தான், கையைப் பிடித்துத் தரதரவென்று அதே கடைக்கு இழுத்துப்போய், கூட்டத்துக்கு நடுவே, நான் எடுத்தேன் என்று சொல்ல வைத்தாள். கடைக்காரர், விடும்மா, சின்னப் பிள்ளை, என்றார், விடவில்லை. அன்றிரவு அவனை மடியில் போட்டுக்கொண்டு, உண்மை சொல்றவங்க பக்கம்தான் இயேசு நிப்பாரு, என்றாள். அவன் கேட்டான், யாருமே நிக்கலன்னாலும் நிப்பாராம்மா? நிப்பாரு. அப்போது அவள் முகம் எப்படிச் சிவந்திருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும், அது பக்தியில் சிவந்த முகம்தானா, அல்லது சண்டே ஸ்கூல் டீச்சர் மகன் திருடினான் என்று நாலு பேர் பேசுவார்களே என்கிற வெட்கமா... இரண்டும்தான். பாதிக்கு மேல் வெட்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை வெட்கத்தை உதறிவிட்டு இயேசுவை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டான்.

அவளுக்கு மட்டும் அது சும்மா வந்ததா என்ன. அப்பா வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் நடக்கும், தவறவே தவறாது. ஆனால் சபை மூப்பர் கதவைத் தட்டினால், எங்கே சபையார் வீடுகளுக்கு ஜெபிக்கக் கூட்டிப்போய்விடுவாரோ என்று அப்பா குளியலறைக்குள் ஒளிந்துகொள்வார், அப்பா வெளிய போயிருக்காருன்னு சொல்லு, போ. அவள் போய்ச் சொல்வாள். ஒருமுறை சொல்லி வாய் மூடுமுன் உள்ளேயிருந்து ஒரு தும்மல், வீடே அதிர்கிற அப்பாவின் தும்மல். மூப்பர் சிரித்துக்கொண்டே, அப்பா இல்லாத வீட்ல யாரும்மா தும்முறது, என்றார், அம்மாவும் சிரித்தாள், தம்பி தரையில் உருண்டு சிரித்தான், பிறகு எத்தனையோ வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, சொன்ன வாய் அவளுடையது. அன்று மாலை அதே அப்பா அதே குரலில், எங்கள் நாவைக் காத்தருளும் ஆண்டவரே, என்று ஜெபித்தபோது கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மோசமானவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள், என் வீட்டில் பிள்ளையைப் பொய் சொல்ல அனுப்ப மாட்டேன் என்று. அனுப்பாமல்தான் வளர்த்தாள்... இந்த வாரம் வரைக்கும்.

டீ வாங்கிட்டு வரவாக்கா, என்று தம்பி கேட்கிறான். வேண்டாம்டா. வாய் காஞ்சு போயிருக்கு உனக்கு. வேண்டாங்கறேன்ல. அவன் மறுபடியும் காலை ஆட்டத் தொடங்குகிறான். இவன் சபைக்கு வந்தாலும் கடைசி பெஞ்சுதான், பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று எழுந்து போய்விடுவான், தும்மலுக்கு உருண்டு சிரித்தவன் அல்லவா, அந்த வீட்டில் அதைப் பார்த்து அவன் எடுத்துக்கொண்டது வேறு, ஆண்டவர் பெரிசா எதையும் கண்டுக்க மாட்டார்க்கா, என்பான். ஒரே வீடு, ஒரே ஜெபம், ஒரே தும்மல். ஒருத்தி பொய்க்கு நடுங்குகிறவளாகவும் ஒருவன் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவனாகவும் எப்படி ஆனார்கள் என்று அவளுக்கு இதுவரை விளங்கியதில்லை. இன்றைக்கு அவன் முகம் மட்டும் ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது? கால்தான் ஆடுகிறது, முகம் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது, நேற்றுவரை அப்படி இல்லையே, மருமகன் தன்னைக் காப்பாற்றிவிடுவான் என்ற நம்பிக்கையா, அந்த நம்பிக்கையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அவளிடம் இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதது. அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை, கட்டில்கட்டிலாகப் போய் ஊசி குத்திக் குழாய்களில் நிரப்பி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்தச் சைக்கிள்காரருக்கும் அவள்தான் எடுத்தாள். பெயர்ச்சீட்டைப் பார்த்ததும் வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், என்று எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். அவருக்குப் பேச யாராவது வேண்டியிருந்தது. அந்த டிரைவர் நல்ல மனுசன்மா, என்றார், என்னைப் பிள்ளை மாதிரி தூக்கிட்டு ஓடினாரு, அவரைக் குறை சொல்ல மனசு வரல, ஆனா வேனுக்குச் சிவப்பு விழுந்துடுச்சும்மா, நான் பாத்துட்டுத்தான் தாண்டினேன், இப்ப எல்லாரும் கேட்கிற கேள்வியில எனக்கே நான் பாத்தேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. கையை மடக்கி வச்சுக்கோங்க, என்றாள் அவள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவருடைய முழங்கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள், அவர் அதை இரக்கம் என்று நினைத்து, நல்லா இருங்கம்மா, என்றார். இதை மகனிடம் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை, சொன்னால் அவன் இன்னும் உறுதியாகிவிடுவான் என்று தெரியும். இவனை உமக்குச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆண்டவரே என்று தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டவள் அவள், எல்லாத் தாயும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், கெட்ட சகவாசம் கூடாது, சபையில் நாலு பேர் மெச்ச வேண்டும், அதற்குத்தான். நிஜமாகவே எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது? எடுத்துக்கொண்டவர், இவன் என் தம்பியின் சோற்றில் கைவைக்கும்போதும் அவன் பக்கம்தான் நிற்பாரா... என்ன கேள்வி இது, பதில் அவளே சொல்லிக் கொடுத்ததுதானே.

கதவு திறக்கிறது. மகன்தான். முகம் கழுவியவன் போல வெளுத்திருக்கிறான். பின்னாலேயே அந்தப் பெண் அதிகாரி தலையை நீட்டி, அடுத்து நீங்க வாங்க, என்று தம்பியைப் பார்த்துச் சொல்கிறார். தம்பி எழுகிறான், வரிசை முழுவதும் ஒருமுறை குலுங்கி நிற்கிறது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மகனின் பிடரியில் கையை வைக்கிறான்.

"சொல்லிட்டியா மாப்ள?"

"சொல்லிட்டேன் மாமா."

"சரி. நானும் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அம்மாவைப் பாத்துக்க."

உள்ளே போய்விட்டான், கதவைத் தானே சாத்திக்கொண்டு. நானும் என்றால்? எதை? அவள் மகனைப் பார்க்கிறாள், அவன் மாமா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவே திணித்துக்கொள்கிறான்.

"மாமாவுக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"நேத்து சாயங்காலம் போய்ச் சொன்னேம்மா. முதுகுக்குப் பின்னாடி சொன்ன மாதிரி ஆயிடக் கூடாதுல்ல. மாமா வேனைத் துடைச்சுட்டே இருந்தாரு. அப்புறம், நீ சிவப்புன்னு சொல்லி நான் பச்சைன்னு சொன்னா உன்னைப் பொய்யன்னு நினைப்பாங்கல்ல, நானே மாத்திச் சொல்லிடறேன்டா அப்படின்னாரு. அழுதாரும்மா."

ஐயோ என்பதா, அப்பாடா என்பதா, இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது, கடைசி பெஞ்சுக்காரன், பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போகிறவன், இனி அவன் வீட்டுக்கு என்ன வழி, இவர்கள் இரண்டு பேரும் ஒரு வேனின் பக்கத்தில் நின்று முடிவெடுத்து அழுதும் முடித்துவிட்டார்கள், அவளுக்கு மட்டும் தெரியாமல், காலையில் ஒன்றும் நடக்காதது போல அவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்...

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் தரையைப் பார்க்கிறான். அவள் மறுபடியும் கேட்கிறாள், குரலைத் தாழ்த்தி.

"சொல்லத்தாம்மா வந்தேன். நீ உன் ரூம்ல ஜெபம் பண்ணிட்டிருந்த. கதவு லேசாத் திறந்திருந்துச்சு. ஆண்டவரே, என் பிள்ளை வாயை அடைச்சுப் போடும்னு கேட்டுட்டிருந்த. அதான் திரும்பிப் போயிட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. சொல்லிவிட்டு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறான், அவன் கை ஜில்லென்று இருக்கிறது, அவள் விலக்கிக்கொள்ளவில்லை. ஆமாம், கேட்டாள், முழங்காலில் நின்று அழுது கேட்டாள், யாரும் இல்லை என்று நினைத்துத்தான் வாய்விட்டுக் கேட்டாள். அவள் எப்போதும் வாய்விட்டுத்தான் ஜெபிப்பாள். அந்த வீட்டில் சுவர்கள் மெல்லியவை, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது, அவன் அடுத்த அறையில்தான் இத்தனை வருடமும் படுத்திருந்தான்... மடியில் போட்டுச் சொன்னதை மட்டுமா அவன் கேட்டு வளர்ந்தான்? கணவர் போன அந்த வருடத்தில் சொன்னதெல்லாம், சில மனிதர்களின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டதெல்லாம், கேட்கக் கூடாதென்று தெரிந்தே கேட்டதெல்லாம்... எதையெல்லாம் அவன் காதில் வாங்கியிருப்பான், எதை எடுத்துக்கொண்டு எதை விட்டான்? கேட்டுவிடலாம் என்று அவன் பக்கம் திரும்புகிறாள். கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான், உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைகின்றன, அவள் காதைச் சாய்த்தும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.