மூன்று பிடி ஏரி மண்

யேசுதாஸ் வந்து சேராமல் செகந்திராபாத்தில் எந்தச் சவப்பெட்டிக்கும் ஆணி இறங்காது என்று ஒரு பேச்சு உண்டு. மிகைதான், இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், நாலு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடக்கங்களுக்குப் போயிருந்தார். செத்தவர்களில் பாதிப் பேரை அவர் உயிரோடு பார்த்ததுகூடக் கிடையாது.

காரணம் ஒன்றுதான். மனைவி ஜெயசுந்தரி கொரோனாவின் இரண்டாம் அலையில் போனபோது அவரைக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். அதன் மேல் போடவேண்டிய மூன்று பிடி மண்ணை அவர் போடவில்லை. அன்றிலிருந்து ஊரில் யார் செத்தாலும் போய்ப் போட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே வேறு யாரோ இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பழக்கமான பிளஸ்ஸனின் மாமனாருக்கு அடக்கம். வீடு சைனிக்புரியில். மூன்றாவது சந்து, வெள்ளை கேட், வாசலில் நாற்காலி போட்டிருக்கும் என்று பிளஸ்ஸன் போனில் சொல்லியிருந்தான். யேசுதாஸ் நாலாவது சந்தில் நுழைந்தார். அங்கேயும் வெள்ளை கேட் இருந்தது, நாற்காலி இருந்தது. கறுப்பு உடுத்தியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே நல்ல ஏசி. அறை நடுவில் மண்ணைக் கொட்டிப் பரப்பி, அதன் மேல் நீளமான வெள்ளைப் பெட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை. கண்ணாடி கொண்டுவராததால் பெரிதாக எழுதியிருந்த வருஷங்கள் மட்டும் தெரிந்தன: 1904–2019. கணக்குப் போட்டார். நூற்றுப் பதினைந்து, நிறைந்த வயசுதான். ஆறு வருஷமாகவா பெட்டியை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேர லேட்டாகியிருக்கும்.

உறுத்தியது வேறொன்று. ஒருவர்கூடப் பெட்டியைப் பார்க்கவில்லை. வாசலில் கொடுத்த நாலு பக்கத் தாளையே எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுத் தாள் என்று நினைத்தார் யேசுதாஸ். ஆனால் யாரும் பாடுவதாக இல்லை. யாராவது தொடங்கிவைக்க வேண்டுமே என்று செருப்பைக் கழற்றினார், கண்ணை மூடி ஜெபித்தார், ஒரு பிடி மண்ணை அள்ளிப் பெட்டி மேல் போட்டார்.

கண்காட்சியின் பொறுப்பாளன் ராஜீவ் ஓடிவந்து, இது கலைப் படைப்பு, தொடக் கூடாது, முதலில் இதைப் படியுங்கள், படிக்காமல் ஒன்றும் புரியாது என்று இந்தியில் பொரிந்து, ஒரு தாளை அவர் கையில் திணித்தான். பின்னாலேயே வந்தாள், அதைச் செய்த ஹர்ஷிதா. ஹப்சிகுடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். கோபம் வந்தால் எல்லா மொழியும் சேர்ந்து வரும், 'ஏன்' என்பதுகூட ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' ஆகிவிடும்.

"கைக்கு அங்கிள் இப்படிப் பண்றீங்க? இது ஒரு ஏரி. 1904-ல வெட்டினது, 2019-ல மூடி அபார்ட்மென்ட் கட்டிட்டாங்க. அந்த மண்ணுதான் இது."

"அப்ப பெட்டிக்குள்ள யாரு?"

"யாரும் இல்ல. காலி."

யேசுதாஸ் பெட்டியைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒருவரிடமும் சொல்லாததை, கல்லறைத் தோட்டத்து கேட்டை, வெள்ளை உடுப்பை, அந்தப் பெண்ணிடம் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"யாரும் இல்லேன்னா நான் மூணு பிடி போட்டுக்கட்டுமாம்மா? முன்னால போட்டது பிளஸ்ஸன் மாமனாருக்கு."

மண்ணின் மட்டம் கலைந்தால் படைப்பின் அர்த்தமே மாறிவிடும் என்றான் ராஜீவ்.

"ஹவ், ஆமா, மாறும்," என்றாள் ஹர்ஷிதா. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. "நீங்க போடுங்க அங்கிள்."

ஒரு பிடி போட்டார். இரண்டாவதும் போட்டார். மூன்றாவதை அள்ளிய கை திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம், ஜெயசுந்தரி கடைக்குக் கிளம்பினாலும் சர்ச்சுக்குக் கிளம்பினாலும், போயிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலும் அதையேதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தாளை மடித்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள்.

"போ சுந்தரி," என்றார் யேசுதாஸ்.

மண் பெட்டியின் மேல் விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லாததால் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.