பழுதில்லை

எங்கள் டேப்லெட் ஏன் சந்தையில் படுத்துவிட்டது என்று மூன்று பத்திரிகைகள் எழுதின. ஒருவர் விலைதான் காரணம் என்றார். இன்னொருவர், பெரிய நிறுவனங்களோடு மோதினால் இதுதான் கதி என்றார். மூன்றாமவர், கைப்பேசிகளே இப்போது அகலமாகிவிட்டதால் நடுவில் இன்னொரு சாமான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பி வந்த சரக்கு வைக்கும் அறைக்குள் நுழைந்து, அங்கே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்த டேப்லெட்டை உருவாக்கியது என் அக்கா. எழுபது பேர் வேலை பார்த்த சின்ன நிறுவனம். அதில் பொறியாளர்களுக்கெல்லாம் தலைவி அவள்தான். மகள் பிறந்த வருடம் முதல் வரைபடத்தைப் போட்டாள். மகள் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் முதல் பெட்டி கடைக்குப் போனது. பிள்ளைகள் அதன்மேல் பேனாவால் எழுதினால் காகிதத்தில் எழுதுகிற மாதிரியே இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அந்த உரசல் சத்தம் சரியாக வருவதற்கே ஒன்றரை வருடம் போராடினாள். வந்தும்விட்டது. அந்த விஷயத்தில் எவனும் அவளை ஒரு குறை சொல்ல முடியாது.

என்னைப் பற்றிச் சொல்வதானால், இரண்டு வேலைகளில் சேர்ந்து இரண்டிலும் நிலைக்காமல் வீட்டில் கிடந்தவன். அக்கா முதலாளியிடம் மல்லுக்கு நின்று என்னை உள்ளே கொண்டுவந்தாள். அலுவலகத்தில் என் பெயர் ‘தம்பி கோட்டா’. காதுபடவே சொல்வார்கள். கோபம் பொத்துக்கொண்டு வரும். பொய் சொல்கிறார்கள் என்றால் சண்டைக்காவது போகலாம், அதற்கும் வழியில்லை.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும். டேப்லெட்டை முழுக்க சார்ஜ் ஏற்ற வேண்டும். அலுவலகத்தின் வேகமான இணைப்பில் போட்டு அப்டேட் செய்து, தேவையான ஆப்களை இறக்கி, விரல் தடம் இல்லாமல் துடைத்து, கேட்டவர் கையில் கொடுக்க வேண்டும். பரிசோதிப்பவர்கள், விளம்பரக்காரர், முதலாளி, பத்திரிகைக்கு மதிப்புரை எழுத வருபவர்கள் என்று எல்லோருக்கும் என் மேசையிலிருந்துதான் போகும். அவர்கள் பொத்தானை அழுத்தினால் போதும், மூன்று விநாடியில் பளிச்சென்று திரை வந்துவிடும்.

அந்த வேலையை நான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒன்று நன்றாக வந்தது. அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “இவன் ரெடி பண்ணிக் குடுத்தா நான் திரும்பிப் பாக்கவே வேண்டியதில்ல.” அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முப்பத்தோரு வயதில் இப்படி ஒரு வார்த்தைக்குக் குளிர்ந்துபோகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய கடைக்காரர், நாற்பது கிளைகள் வைத்திருப்பவர், எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். பன்னிரண்டு வாரம் அலமாரியில் வைப்பார். விற்றதில் பத்தில் ஒன்றுக்குமேல் திரும்பி வந்தால் எடுத்துவிடுவார். வேறு கடை எதுவும் எங்களைச் சீண்டவில்லை. அந்த அலமாரியில் நின்றால் அக்காவின் டேப்லெட் பிழைக்கும், இல்லையென்றால் நிறுவனத்தையே மூடவேண்டியதுதான். இது கூட்டிப் பெருக்குகிறவர் முதல் எல்லோருக்கும் தெரியும்.

விற்பனை தொடங்கியதும் என்னைக் கீழ்த்தளத்து அறைக்கு மாற்றினார்கள். திரும்பி வருவதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, சீட்டில் முத்திரை குத்த வேண்டும். ‘உடைந்தது’, ‘பழுது’, ‘பழுதில்லை’ என்று மூன்று முத்திரைகள். முதல் வாரம் பன்னிரண்டு வந்தன. வழக்கம்போல சார்ஜ் ஏற்றி, அப்டேட் செய்துவிட்டுத்தான் பார்த்தேன்; திரை நன்றாக இருந்தது, பேனா எழுதியது, ஒலி கேட்டது. எல்லாவற்றிலும் ‘பழுதில்லை’ என்று குத்தி மேலே அனுப்பினேன். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று திட்டிக்கொண்டேதான் குத்தினேன்.

இரண்டாவது வாரம் ஒரு பெட்டிக்குள் கையால் எழுதிய துண்டுக் காகிதம் இருந்தது. ‘பையன் பிறந்தநாளுக்கு வாங்கினேன். கேக் வெட்டி, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போயும்விட்டார்கள். இதன் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பையன் அழுது தூங்கிவிட்டான். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.’

அந்த டேப்லெட்டைத் திறந்தேன். முதல் திரையையே அது தாண்டியிருக்கவில்லை. சட்டென்று எழுந்து மற்ற பெட்டிகளையும் பார்த்தேன். முப்பதில் இருபத்தொன்று முதல் திரையைத் தாண்டாதவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டி தொழிற்சாலையில் மூடப்பட்டது ஐந்து மாதங்களுக்கு முன்னால். அதற்குப் பிறகும் அக்காவின் ஆட்கள் மென்பொருளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். வாங்குகிறவர் திறக்கும்போது அது தானே அப்டேட் ஆகிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஆனால் கிடங்கில் கிடந்து கிடந்து பேட்டரி இறங்கியிருக்கும். அப்டேட் ஆரம்பிப்பதற்கே முதலில் அரைமணி நேரம் சார்ஜரில் போட வேண்டும். பிறகு என் மேசையில் நாற்பது நிமிடம் ஆவது, வீட்டு இணைப்பில் இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. பக்கத்து அலமாரியில் இருந்த போட்டி நிறுவனத்தின் டேப்லெட்டோ இரண்டே நிமிடத்தில் பிள்ளைக்குக் கார்ட்டூன் காட்டிவிடும்.

எழுபது பேரில் ஒருவர்கூட மூடிய பெட்டியைத் தன் கையால் பிரித்துப் பொத்தானை அழுத்தியதில்லை. அத்தனை பேருக்கும் நான் சமைத்து, ஆறவைத்து, வாயில் ஊட்டியிருந்தேன். குறை எங்கே இருந்ததோ அந்த இடத்தை யார் கண்ணிலும் படாமல் தினமும் துடைத்து வைத்தவன் நான்தான். தெரிந்து செய்யவில்லை. அதுவரை தெரிந்து செய்யவில்லை.

துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். முக்கால்வாசிச் சரக்கு இன்னும் கிடங்கில்தான் இருந்தது. திரும்ப எடுத்து, பிரித்து, புது மென்பொருளை ஏற்றி, சார்ஜ் போட்டு மூட நான்கு நாள் போதும். எனக்கே அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அக்கா தொலைபேசியில் அந்தக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததில் குறை ஒன்றுமில்லை, ஜனங்களுக்கு இன்னும் பழகவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். “எங்க தம்பிதான் ஒவ்வொண்ணா பாக்கறான் சார். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்றாள். பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. சாப்பிட்டியான்னு கேக்க வந்தேன்.”

இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் முதலாளி கூட இருந்தார். அதற்கடுத்த நாள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயம் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விக்கு ஒரு நாள் வயது கூடிக்கொண்டே போனது. நான் எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு ‘பழுதில்லை’ குத்தினேன்.

குறை இயந்திரத்தில் இல்லை என்று என் முத்திரை சொன்னதால், மேலே இருந்தவர்கள் வேறு இடத்தில் தேடினார்கள். முதலாளி விலையைக் குறைத்தார். விளம்பரக்காரர் புதிதாக ஒரு விளம்பரம் எடுத்தார். அக்கா, ஆப்கள் போதவில்லை என்று முடிவு செய்தாள். மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டு, வீட்டுக்குக்கூட ஒழுங்காகப் போகாமல், வாரத்துக்கு இரண்டு ஆப்களாகச் சேர்த்தாள். சேர்க்கச் சேர்க்க அப்டேட்டின் கனம் கூடியது. என் மேசையில் நாற்பது நிமிடம் ஐம்பத்தைந்து ஆனது, பிறகு எழுபது ஆனது. அவள் டேப்லெட்டைக் காப்பாற்ற ராப்பகலாகச் செய்த வேலையே அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நான் கீழே உட்கார்ந்து அந்த நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினோராவது வாரத்தில் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. பத்தில் நான்கு திரும்பியிருந்தன. அந்த மாதக் கடைசியில் நிறுவனத்தை மூடுவது என்று முதலாளி எல்லோரையும் கூட்டிச் சொன்னார். அக்கா எழுந்து நின்று, பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் என் அறையைக் காலி செய்ய அக்காவே உதவிக்கு வந்தாள். மூலையில் இன்னும் மூடிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அவளுடைய சாமானை எடுக்க அவளே அனுமதி கேட்டிருக்கிறாள்.

“குடுக்கா, நான் ரெடி பண்ணித் தரேன்” என்று கை நீட்டினேன்.

“வேண்டாம்டா. அஞ்சு வருஷத்துல ஒண்ணுகூட நானே பிரிச்சதில்ல. இதையாவது பிரிக்கிறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலுறையை அத்தனை பக்குவமாகக் கிழித்தாள். பொத்தானை அழுத்தினாள். சார்ஜ் இல்லை என்றது. சிரித்துக்கொண்டே சார்ஜரில் போட்டாள். அரைமணி நேரம் கழித்து அப்டேட் ஆரம்பித்தது. அலுவலகத்தின் வேகமான இணைப்பை அதற்குள் துண்டித்துவிட்டார்கள். அவள் தன் கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நகர்ந்தது. ஏழில் நின்றது. அவள் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது முகத்தில் இல்லை.

வெளியே ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. ஓடவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இருபது சதவீதம் வந்தது. பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எல்லாத்துக்கும் இப்படித்தானா?”

“எல்லாத்துக்கும்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று சொன்னாலும் நம்பியிருப்பாள். என் வார்த்தையை அவள் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை.

“ரெண்டாவது வாரம்.”

அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். கிடங்கில் அப்போது எத்தனை பெட்டி இருந்தது என்று எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரியும். கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அப்டேட் முடிகிறவரை அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரமும் முப்பத்தைந்து நிமிடமும் ஆயிற்று. முடிந்ததும் பேனாவை எடுத்துத் திரையில் ஒரு கோடு போட்டாள். சர்ரென்று காகிதத்தில் எழுதும் சத்தம் வந்தது. “நல்லாத்தான் பண்ணியிருக்கோம்” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா வேறோர் இடத்தில், யாரோ செய்த இயந்திரத்தைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். முன்னைவிடச் சின்ன வேலை. நான் ஒரு சாமான் கிடங்கில் கணக்கெடுக்கிறேன். விடுமுறை நாட்களில் அவள் வீட்டுக்குப் போவேன். முன்பு போலவே சாப்பாடு போடுவாள், இளைத்துவிட்டாயே என்பாள், எனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்வாள். அந்த இரண்டாவது வாரத்தைப் பற்றி ஒரு தடவைகூட வாயெடுத்ததில்லை. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் போயிருந்தபோது, மகளுக்குப் பள்ளிப் பாடத்துக்கென்று புது டேப்லெட் வாங்கியிருந்தார்கள். போட்டி நிறுவனத்தினுடையது. அவள் பெட்டியோடு ஓடிவந்து என் மடியில் வைத்தாள். “மாமா, ரெடி பண்ணிக் குடுங்க மாமா.” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலுறையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். சமையலறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

“நீயே பண்ணு கண்ணு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல.”

பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன்.