ஒன்பது வரை

கதாநாயகனின் கை என் தாடைக்கு ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டது. நான் விழவில்லை. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"சோணைமுத்து, அடி பட்டாச்சுப்பா, விழுந்து தொலை!" என்று குடைக்கடியிலிருந்து டைரக்டர் கத்தினார்.

எங்கே பட்டது? மெட்ராஸில் குத்துச்சண்டை மேடையில் பட்ட அடியெல்லாம் என் காதிலும் புருவத்திலும் தடித்துக் கிடக்கிறது. அவ்வளவு வாங்கியும் நிற்பதற்குத்தான் இந்தக் கால்களைப் பழக்கி வைத்திருந்தேன். பட்டணத்து ஜனம் சண்டையை விட்டுவிட்டு சினிமாக் கொட்டகைக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன். இன்றைக்கு ஒழுங்காக விழுந்தால் கம்பெனியில் மாதச் சம்பளம், இல்லாவிட்டால் கமுதிக்கே திரும்பி மிளகாய் பறிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். படாத அடிக்கு விழச் சம்பளம்! நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்கு அய்யா வேறு வந்திருந்தார். புதுமடம் கடற்கரையில் மகன் நடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, கமுதியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கருவாடு காயப்போடும் பெண்களோடு மணலில் நின்றார். என் சண்டையை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நான் கீழே விழுந்து, நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்து, ஜெயித்தேன். பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்தவன் தோற்றவனில்லை. அந்த ஆட்டத்தில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். களத்துமேட்டில் அதையே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெயில் சாயத் தொடங்கியது. "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது," என்றார் டைரக்டர். கதாநாயகன் கையை வீசினான். பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தேன். வாய்க்குள் மணல் போனது.

"ஒண்ணு," என்றது அய்யாவின் குரல்.

சத்தமெல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை, சிரித்தார்கள்.

"ரெண்டு... மூணு..."

சும்மா இருங்கய்யா. விழுவதற்குத்தான் வந்திருக்கிறேன்.

"ஏழு... எட்டு. ஏலே சோணை, எட்டுடா!"

என் வலது முட்டி தானாக மணலை உந்தியது. அதை அழுத்திப் பிடித்துக் கிடந்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஒம்பது," என்றார். அதற்கப்புறம் அலைச் சத்தம்தான். பத்து வரவேயில்லை.

டைரக்டர் "கட்" சொன்னதும் எழுந்து உட்கார்ந்தேன்.

"பாத்தியா தாயி? பத்து ஆகுறதுக்குள்ள எந்திரிச்சுட்டான்!" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார் அய்யா.

"முட்டி ஆடிடுச்சு," என்றார் டைரக்டர். "வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொரு தடவை விழு."

கதாநாயகன் சட்டையைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றான். அவன் தோளுக்கு மேலே அய்யா தெரிந்தார். இரண்டு கைகளையும் எனக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டைவிரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.