ஒரே வரி, இருபத்துநான்கு பேர்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிப் படகு கிளம்பிப் போன பிறகு, சமோவாவின் சலேலொலோகா படகுத்துறையின் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஒரு கோழியும் அதன் குஞ்சுகளும் மட்டும்தான் நின்றன. அடுத்த படகுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. டிக்கெட் கொடுக்கும் மாசினா ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினாள். எண்ணெயில் பொரித்த பனிகேகே உருண்டை ஒன்றைப் பாதி கடித்துக்கொண்டு மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாள். திறந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு வரிகள். நாளை மறுநாள் வெள்ளை ஞாயிறு. பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன்னால் வந்து ஆளுக்கொரு வரி சொல்லும் நாள். ஊரிலுள்ள பிள்ளைகளையும், ஆக்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கிய பிள்ளைகளையும், இன்னும் வயிற்றில் இருப்பவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வராது.

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியைகள் மூன்று பேர். முதலாமவள் தன் வகுப்பின் வரிகளைக் கைப்பேசியில் தட்டி இரண்டாமவளுக்கு அனுப்பினாள். அவள் தன்னுடையதையும் சேர்த்து மூன்றாமவளுக்குத் தள்ளிவிட்டாள். மூன்றாமவள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி இரண்டு பேருக்கும் திருப்பி அனுப்பினாள். கடைசியில் மூவரும் தனித்தனியாக மாசினாவுக்கு அனுப்பிவிட்டு, தான் ஒருத்தி மட்டும்தான் அனுப்பியதாக ஆளுக்கொரு சத்தியமும் செய்தார்கள். இந்த வருஷம் இதெல்லாம் கோப்பாக வேண்டியிருந்ததற்குக் காரணம், ஆக்லாந்து உறவுக்காரர்கள் காசு சேர்த்து அனுப்பியிருந்த திரையும் ஒளிக்கருவியும். வழக்கமாகப் பிள்ளைக்கு வரி மறந்தால் தாய்மார்கள் பெஞ்சிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். ஒருத்தி ஆரம்பித்தால் பத்துப் பேர் கத்துவார்கள். சந்தை கெட்டது போங்கள். பாஸ்டரம்மா இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வரி திரையில் வரும். அந்த வரிக்குரிய பிள்ளை வந்து சொல்லும். பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது.

இந்த வேலைக்கு மாசினாவை விட்டால் ஆள் இல்லை என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. மாசினாவுக்கும் கிடையாது. படகில் ஒரே ஆளுக்கு அம்மா ஒரு தடவை, அத்தை ஒரு தடவை, அக்கா ஒரு தடவை என்று மூன்று முறை இடம் பிடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கை காலியாகக் கிடக்கும், வெளியே துறையில் ஜனம் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, இணையத்தில் இலவசமாகப் பைத்தான் என்ற கணினிமொழியைப் படித்து, எட்டே வரியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். நிரல் கோப்பை ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இதற்கு முன் பார்த்த வரியா என்று தன் பையில் துழாவும். பார்த்ததென்றால் தாண்டிப் போகும், பார்க்காததென்றால் எழுதிக்கொண்டு பையிலும் போட்டு வைக்கும். முதன்முதலில் எழுதியது வரிசையைக் கலைத்துவிட்டது. ஊர்த் தலைவர் பெயர் படகுப் பட்டியலில் இரண்டு பன்றிக்கூண்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்காக அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் திருத்திவிட்டாள். இரண்டு வருஷமாக ஒரு பிசகு இல்லை.

அதே நிரலை இந்தக் கோப்பின் மேல் ஓட விட்டாள். கையிலிருந்த மீதிப் பாதியை வாயில் போடுவதற்குள் முடிந்துவிட்டது. எண்பத்தொன்பது வரிகள். அழகாக, வரிசை மாறாமல், மூன்றே பக்கம்.

உடனே பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, முடிஞ்சிருச்சு. எல்லாம் ஒரு தடவதான் இருக்கு இப்போ."

"அதுக்குள்ளயா? நான் ராத்திரி பூரா உக்காந்து பேனாவுல அடிச்சிருப்பேன். உங்கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி."

"போடுங்க. அளவு சொல்லட்டா?"

பாஸ்டரம்மா சிரித்த சிரிப்பில் கைப்பேசி அதிர்ந்தது. பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்று மாசினாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாசினாவுக்கு அன்று மனமெல்லாம் ஒரே ஒரு பிள்ளையின் மேல்தான். அவள் மகள் லூப்பேக்கு நாலு வயது. இதுதான் முதல் வெள்ளை ஞாயிறு. குட்டி வகுப்புக்கென்று பாஸ்டரம்மா எப்போதோ எழுதி வைத்த வரி அவளுக்கும் வந்திருந்தது: நான் சின்னப் பிள்ளை, ஆனால் ஆண்டவருக்கு என்னைத் தெரியும். மாசினாவும் அதைத்தான் சொல்லி வளர்ந்தாள். அவள் கணவன் தாவிதாவும் அதைத்தான் சொன்னான், சொல்லி முடிப்பதற்குள் காற்சட்டையை நனைத்துக்கொண்டான் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை. லூப்பே அந்த வரியைப் பன்றிக்குச் சொல்வாள். துணி துவைக்கும் தொட்டிக்குள் தலையை விட்டுச் சொல்வாள். ஒரு மனிதக் கண் தன் மேல் பட்டதோ, வாயைத் தைத்தது மாதிரி மூடிக்கொள்வாள். தாவிதா பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனவன். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் காணொளியில் வந்து, "ஒரு தடவ சொல்லும்மா, அப்பாவுக்கு மட்டும்" என்று கெஞ்சுவான். அவள் கைப்பேசியை நக்குவாள், அல்லது கூரையைக் காட்டுவாள். மகள் பேசி அவன் கேட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. வெள்ளை ஞாயிறன்று சபையில் கட்டாயம் சொல்லித்தானே ஆக வேண்டும், அப்போது கேட்டுக்கொள்கிறேன் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் எண்ணுவதைப் பார்த்து மாசினாவுக்குப் பயமாக இருந்தது.

ஒளிக்கருவியின் கம்பி சனிக்கிழமை மாலைதான் வந்து சேர்ந்தது. மாட்டிப் பார்த்தார்கள். முதல் வரி திரையில் முழ உயரத்துக்கு வந்து நின்றதும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். விளக்கு தேய்ந்துவிடும் என்று சபை மூப்பர் எத்தி என்பவர் உடனே அணைக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை ஊரே சலவைக் கொடி மாதிரி வெள்ளையாக இருந்தது. குட்டி வகுப்பு முன்வரிசையில். இருபத்துநான்கு பேர், எண்ணெய் தடவிய தலை, எட்டாத கால்கள். லூப்பே பதினேழாவது. மாசினா ஓரத்தில் ஒரு சின்ன மேசைமேல் மடிக்கணினியோடு. தாவிதாவின் தங்கை சியேனி இரண்டாவது பெஞ்சில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் விடிகாலைத் தோட்டத்துக் கொட்டகையும், குல்லா போட்ட ஏழெட்டு சமோவா முகங்களும், நடுவில் தாவிதாவும்.

குட்டிகள் வரிசையாக எழுந்து நிற்க, முதல் பையன் வந்தான். திரையில் வரி வந்தது. நான் சின்னப் பிள்ளை, ஆனால் ஆண்டவருக்கு என்னைத் தெரியும் என்று முழங்கினான். மாசினா பெருமையோடு அடுத்த வரிக்கான பொத்தானைத் தட்டினாள்.

திரையில் இரண்டாம் வகுப்பின் வரி வந்து நின்றது.

ரூத்தாவுக்கு ஒன்பது வயது. எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள், சொன்ன சொல் தவறாத பிள்ளை. தன் வரியைத் திரையில் கண்டதும் விறுவிறுவென்று நடந்து வந்து, ஒலிவாங்கிக்குப் பாதி தூரம் வந்துவிட்ட குட்டியைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, தன்னுடையதைக் கணீரென்று சொன்னாள். மூப்பர் எத்தி திரையைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். திரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். பின்னால் யாரோ, "இந்த வருஷம் எல்லாருக்கும் சேத்து ஒருத்தன் சொன்னாப் போதும் போல. சோறு சீக்கிரம் கிடைக்கும்" என்றது கேட்டது. இன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே பெரியவர்களுக்குப் பந்தி.

மாசினாவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. படகில் ஒரே வரி மூன்று தடவை வந்தால் அது ஒரே ஆள். இங்கே ஒரே வரி இருபத்துநான்கு தடவை வந்தால் இருபத்துநான்கு பிள்ளைகள். அவளுடைய எட்டு வரி நிரல் முதல் பையனைப் பையில் போட்டுக்கொண்டு, மீதி இருபத்துமூன்று பேரையும் பார்த்தாகிவிட்டது என்று தாண்டிப் போயிருக்கிறது. அதில் பதினாறாவதாகத் தாண்டியது தன் வயிற்றில் பிறந்ததை. பாவி, நானே அடித்து நீக்கினேனே. குட்டிகளில் சிலர் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்திருந்தார்கள். லூப்பே மட்டும் தப்பித்த சந்தோஷத்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

கைப்பேசியிலிருந்து தாவிதாவின் குரல் கரகரத்தது. "சியேனி, என்ன ஆச்சு? எம்புள்ள முடிச்சிட்டாளா? எனக்குக் கேக்கலையே."

திரையில் இரண்டாம் வகுப்பின் அடுத்த வரி காத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் தப்பு அவளுடையது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. கருவி நன்றாக வேலை செய்தது என்று ஊர் சொல்லும், பந்தியும் நேரத்தோடு நடக்கும். எழுந்து சொன்னால் அடுத்த வெள்ளை ஞாயிறு வரைக்கும் அவளை வைத்துச் சிரிப்பார்கள். தாவிதாவின் காற்சட்டைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும். மாசினா எழுந்தாள்.

"மன்னிச்சிக்கங்க. தப்பு என்னோடதுதான். ஒரே மாதிரி இருந்த வரியெல்லாம் தூக்கிட்டேன். அதுல இந்தப் புள்ளைங்க எல்லாம் போயிட்டாங்க."

பாஸ்டரம்மா விசிறியைக் கீழே வைத்தாள்.

"எத்தன பேர?"

"இருபத்திமூணு."

"அடிப்பாவி. எம் பேரனும் அதுல இருக்கானே." சொல்லிவிட்டு பாஸ்டரம்மா தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்த பிறகு யார் சிரிக்காமல் இருப்பது. போதகர்கூட பிரசங்க மேடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எந்திரிங்கடா குட்டிங்களா. முதல்ல இருந்து. ரூத்தா, நீ செத்த உக்காரும்மா."

மாசினா முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். இனி பொத்தானைத் தட்ட வேண்டியதே இல்லை. திரை அப்படியே நின்றது. குட்டிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்று அதட்டுவதுபோலச் சொன்னது. ஒன்று கண்ணைப் பொத்திக்கொண்டு சொன்னது. ஒன்று ஆண்டவரை விட்டுவிட்டுத் தன் அப்பாவுக்குத் தன்னைத் தெரியும் என்று சொல்லி இறங்கியது, அதன் அப்பா பெஞ்சில் எழுந்து கைதட்டினார். பாஸ்டரம்மாவின் பேரன் ஒலிவாங்கியை முத்தமிட்டுவிட்டுப் போனான். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டும் யாருக்கும் அலுக்கவில்லை. அடுத்தது என்ன செய்யப்போகிறதோ என்று கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

பதினேழாவதாக லூப்பே நடந்து வந்தாள். வந்தாள் என்பதைவிட மூப்பர் எத்தியின் கை தள்ளிக்கொண்டு வந்தது. ஒலிவாங்கி முன்னால் நின்றாள். சபையைப் பார்த்தாள். வாய் தைத்துக்கொண்டது.

பெஞ்சுகளில் தாய்மார்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சத்தம் கூடாது என்று பாஸ்டரம்மாவின் உத்தரவு. விசிறிகள் நின்றுவிட்டன. கைப்பேசியில் குல்லாக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள். மாசினாவுக்கு அந்த வரி நாக்கு நுனியில் வந்து நின்றது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லடி என் தங்கமே என்று உள்ளுக்குள் மன்றாடினாள். லூப்பே வாசிக்கத் தெரியாத அந்தத் திரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து, ஒலிவாங்கியின் குமிழைத் தொட்டியின் விளிம்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து, வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"நான் சின்னப் பிள்ளை. ஆனால் ஆண்டவருக்கு என்னைத் தெரியும்."

குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. லூப்பே திடுக்கிட்டாள். கூரையைப் பார்த்தாள். அது தன் குரல்தான் என்று புரிந்ததும் முகம் மெல்ல மலர்ந்தது. கைப்பேசியில் எட்டு ஆண்கள் போட்ட கூச்சல் சியேனியின் கையை ஆட்டியது. தாவிதா அழுதுகொண்டே, "இன்னொரு தடவ, லூப்பே, இன்னொரு தடவ" என்றான். அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. அவளாகவே மறுபடியும் சொன்னாள். அப்புறம் இன்னும் சத்தமாக ஒரு தடவை. மூப்பர் எத்தி கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒலிவாங்கிக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காலையும் சுற்றிக்கொண்டு, நாலாவது தடவையும் சொன்னாள். பதினெட்டாவது பிள்ளை தன் முறை வராமல் அண்ணாந்து நின்றது.

பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாசினாவின் பக்கம் திரும்பி, என்ன செய்யப்போகிறாய் என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். மாசினா மடிக்கணினியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கைப்பேசியில் தோட்டத்து ஆண்கள் ஒரே குரலில் "அஞ்சு" என்று எண்ணினார்கள்.