சவிதாவின் தட்டு

ஹர்ஷத்பாய் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெண்டாட்டி எழுதிய கதைக்கு ஊர்கூட்டி அழுகிற புருஷனை இரஞ்சிதம் அன்றைக்குத்தான் பார்த்தாள். வரவேற்பறையில் கூடியிருந்த ஆறு குஜராத்திக் குடும்பங்களும் கைதட்டின.

எழுபத்தாறாம் வருஷத்துத் தீபாவளி ஞாயிறு அது. அகமதாபாத்தில் ஹர்ஷத்பாயின் அண்ணன் நடத்தும் மாதப் பத்திரிகை, மூன்று மாதம் கப்பலில் ஆடி அசைந்து, அவர்கள் குடியேறியிருந்த கடல்கடந்த கிளென் வேவர்லிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் அவர் பெண்டாட்டி ஜசுபென்னின் கதை. குஜராத்தியில் வாசித்த கையோடு, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்தாரான இரஞ்சிதத்துக்கும் அவள் புருஷன் அரியரத்தினத்துக்குமாக இங்கிலீஷிலும் சொன்னார். சவிதா என்று ஒருத்தி. பதினோரு வருஷம் புருஷன் தின்று மிச்சம் வைத்த தட்டிலேயே தன் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டவள். ஒருநாள் அந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள். ரயில் வருகிறது. மனசு கேட்காமல் வீட்டுக்கு ஓடிவந்து, தட்டை நிமிர்த்தி வைத்து, அவர் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்து, அந்த எச்சிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறாள்.

சீ! இரஞ்சிதத்துக்குக் கதை தெரியும், அது இப்படி முடியாது.

ஜசுபென் சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். படித்தது குஜராத்திப் பள்ளிக்கூடம். தமிழ் தெருக்குழாயடியில் வந்தது. பேசினால் மெட்ராஸ்காரி தோற்றுப்போவாள், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் இரஞ்சிதத்தின் குசினிக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்து, எழுதப்போகிற கதையைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். வாயால் சொல்லி முடித்த பிறகுதான் பென்சிலைத் தொடுவது. அந்தக் குசினியில் சவிதா ரயில் ஏறிப் போய்விட்டாள். தூங்குகிற மகளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கேட்ட அன்றைக்கு இரஞ்சிதத்துக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. ஹர்ஷத்பாய் பாதி கடித்த பூரியையும் விரல் நக்கிய ஸ்ரீகண்ட் இனிப்பையும் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்தார். ஜசுபென் அதே தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். இரஞ்சிதம் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஜசுபென், நீங்கள் எனக்குச் சொன்ன கதை இது இல்லையே. அவள் ரயில் ஏறிப் போனவளெல்லோ?”

“போனா. என் பென்சில் நோட்டுல போனவ போனவதான். காப்பி எடுக்கறது அவர்தானே.” தன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமாம், அவர்தான் ஏரோகிராம் என்கிற நீலத் தபால்தாளில் முத்து முத்தாக எழுதி அண்ணனுக்கு அனுப்புவாராம். “ஒன்பது கதை, ரஞ்சிதம். ஒன்பது பொம்பளைங்களை வீட்டை விட்டு அனுப்பினேன். ஒன்பது பேரையும் கூட்டிட்டு வந்து அடுப்படியில நிறுத்திட்டார்.”

“நீங்கள் வாயைத் திறந்து கேக்கேல்லையோ?”

“கேட்டேனே. படிக்கறவங்க என் பெண்டாட்டியைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னாரு.”

சொல்லிக்கொண்டே அந்தத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. கை தானாகப் போட்டது. இரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆரைச் சொல்லி அழ? ஊருக்கெல்லாம் ரயில் காட்டுகிறவள், தான் மட்டும் எச்சிலில் கை வைக்கிறாளே! ஹர்ஷத்பாய் மேல் வந்த அருவருப்பு ஜசுபென் மேலும் கொஞ்சம் சிந்தியது.

வேலியோரமாக வீட்டுக்கு நடக்கையில் அரியரத்தினம் ஏப்பம் விட்டுச் சொன்னார். “நல்ல கதை என்ன? குடும்பப் பாங்கா முடிச்சிருக்கிறா.”

“முடிச்சது அவ இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ.”

செவ்வாய்க்கிழமை ஜசுபென் வெறும் ஏரோகிராம் ஒன்றோடு வந்தாள். அன்றைக்குக் காலை மடிக்காமல் நேராக உட்கார்ந்தாள்.

“மெட்ராஸ்லேர்ந்து உனக்கு ஒரு பத்திரிகை வருதே, அதுக்கு அனுப்பலாம். சவிதா கதைதான். நான் சொல்றேன், நீ தமிழ்ல எழுது. அவருக்குத் தமிழ் படிக்க வராது.”

“உங்கட பாஷையை விட்டிட்டோ?”

“அந்த பாஷையில எது எழுதினாலும் அவங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகணும். எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நீதான் கை. ஒரு எழுத்து மாத்தாதே.”

“அவரைப் போல என்னையும் நினைச்சுப் போட்டியளோ?” என்று இரஞ்சிதம் கோபித்துக்கொண்டாள். ஊற்றுப்பேனாவில் மை நிரப்பினாள். ஜசுபென் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நீலத்தாளின் மூன்று முகமும் நிறைந்தன. சவிதா தட்டைத் தேய்த்தாள், கவிழ்த்தாள். தொட்டிலில் ஒரு வயசு மகள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள். இரஞ்சிதத்தின் கடைக்குட்டியும் அந்த நேரம் உள் அறையில் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

“வாசலைத் தாண்டினா. திரும்பிப் பார்க்கலை. ரயில் ஏறிட்டா. அவ்வளவுதான்.” ஜசுபென் மூச்சை விட்டாள். “முடிஞ்சுதா? கடைசி நாலு வரியைப் படி, கேக்கறேன்.”

இரஞ்சிதம் தாளைக் கையில் எடுத்தாள். தன் எழுத்துத்தான், ஹர்ஷத்பாயின் எழுத்தைவிட வடிவான எழுத்து. ‘வாசற்படியில் நின்று பிள்ளையை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கால் வரவில்லை.’ எழுத்து அதோடு நின்றிருந்தது, ரயில் இல்லை. எப்போது எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது வாயால் சரியாக வாசித்துவிட்டால் போதும், இந்தக் குசினியில் கண்டுபிடிக்க ஓர் ஆள் கிடையாது.

“படி, ரஞ்சிதம்,” என்றாள் ஜசுபென், கண்ணைத் திறக்காமலே. அந்த இரண்டு வரியில் மட்டும் மை இன்னும் காயவில்லை.