வடக்கு ஜன்னலுக்கு ஒரு ரோஜா

மூன்று வருஷத்தில் மூன்று ரோஜாக்கன்றுகள் செத்தன. இன்னாசிமேரியைக் கேட்டால் மூன்றையும் கொன்றது தானேதான் என்பாள்.

சும்மா கன்று என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இவை சிறுமலர் தெரசம்மாள் திருநாளில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. மந்திரித்ததைக் குப்பையில் போடலாமா? அதனால் மூன்று குச்சிகளும் வடக்கு ஜன்னலுக்குக் கீழே பாத்தியில் அப்படியே நின்றன. ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் அவள் புருஷன் உபகாரசாமி. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு போட்ட மனுஷன், பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷமாகிறது. "பாக்க ஒரு ரோஜா இருந்தா நல்லாருக்கும் மேரி" என்று கேட்டதும் அவர்தான்.

விடியுமுன் எழுந்து சமைத்து, அவரைத் துடைத்துத் துணி மாற்றி, பக்கத்து வீட்டு லிடியாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் நசுங்கிச் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக்குப் போய்ப் பில் போடுவாள். பொழுது சாயத் திரும்பி மறுபடியும் துடைப்பாள். வாய் பேசாது, மனசு முனகும். 'இன்னும் எத்தனை நாளைக்கு ஆண்டவரே?' ஒரு தரம் அதைவிடக் கெட்டதாகவும் நினைத்துவிட்டாள். அந்த வாரமே ரோஜா இலையை உதிர்த்தது. போதாதா அவளுக்கு! மனசாரச் செய்யாத கைக்கு மந்திரித்த செடி எப்படித் துளிர்க்கும் என்று பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சாமியாரிடம் சொல்லி அழுதாள். சாமியாரும் ஜெபமாலை சொல்லச் சொன்னார். அங்கே வெயில் அடிக்கிறதா என்று அவர் ஏன் கேட்கப் போகிறார்?

கேட்டது நர்சரிக்கார நாச்சிமுத்து. மந்திரிக்காத கன்றாவது பிழைக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவனிடம் போயிருந்தாள்.

"ஏனுங்கக்கா, எங்க வெக்கப் போறீங்க?"

"வடக்கு ஜன்னலுக்குக் கீழ."

"அங்க வெயிலு எத்தன மணி நேரம் அடிக்குமுங்க?"

அதை அவள் எங்கே பார்த்தாள்? யோசித்துப் பார்த்தாள். "அடுத்த வீட்டுக்காரர் மாடி மேல மாடி எடுத்தப்புறம் மத்தியானம் ஒரு கீத்து விழும். அதுவும் செவுத்து மேலதான்."

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "ரோசாவுக்கு ஆறு மணி நேரமாச்சும் சுள்ளுனு வெயிலு வேணுமுங்க. நிழல்ல வெச்சுத் தண்ணியும் ஊத்துனா வேரு அழுகாம என்ன பண்ணும்? ரோசாவக் கொண்டுபோயி வெயிலு அடிக்கற வாசல்ல வையுங்க. கூடவே இட்லிப்பூவும் பட்டுரோசும் வெச்சா அடிக்கற வெயிலுக்கு அதுக பாட்டுக்குப் பூக்கும். சன்னலுக்குக் கீழ கனகாம்பரம் வையுங்க, அரை வெளிச்சம் போதும். செவுத்தோரத்துக்குப் பெரணி. வாரத்துக்கு ரெண்டு தண்ணி ஊத்துனாப் போதும், நீங்க திரும்பிக்கூடப் பாக்க வேண்டாமுங்க."

"அப்ப வேற எதுனாலயும் சாகலையா?"

"வேற என்னத்துக்குங்க சாகுது? வெயிலு இல்லாமத்தான்."

இன்னாசிமேரி அங்கே கிடந்த எருமூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம்! கடைசியில் வெயிலாம்!

ஆட்டோவில் செடிகளை ஏற்றிக்கொண்டு வீடு வந்தவள், குச்சிகளைக் குப்பையில் போடாமல் எரித்துச் சாம்பலை மண்ணிலேயே புதைத்துவிடலாம் என்று முதல் குச்சியைப் பிடுங்கினாள். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அத ஏன் புடுங்கற?"

நர்சரிக்காரன் சொன்னதை எல்லாம் ஒப்பித்தாள். "இங்க ரோஜா வரவே வராதாம்."

"தெரியும்" என்றார் உபகாரசாமி. அவருக்கு இப்போதெல்லாம் பேச்சு குழறும், ஆனால் இது தெளிவாகவே விழுந்தது. "எத்தன தோட்டத்துல போர் போட்டவன். நிழல்ல ரோஜா வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு வருஷா வருஷம் கேட்டீங்க?"

அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். "வாடற செடின்னா நீ தெனமும் வருவ. கிளறுவ, தண்ணி ஊத்துவ, நிப்ப. கால் மணி நேரம் உன் மூஞ்சியப் பாப்பேன். உள்ள வந்தா நீ துடைக்கற எடத்தத்தான பாக்கற. என்னையப் பாக்கறதில்லையே."

அவளுக்கு உடம்பே எரிந்தது. "அட பாவி மனுசா! என் பாவத்தாலதான் செத்துச்சுன்னு சாமியார்கிட்டப் போய் அழுதேனே! நீங்க வேடிக்கை பாக்கத்தான் நான் இடுப்பொடியக் குனிஞ்சேனா?"

மூன்று குச்சிகளையும் பிடுங்கி எரித்துப் புதைத்தாள். ரோஜாவை வாசலில் நட்டாள். கனகாம்பரத்தை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே நட்டாள். கை கழுவிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க. நல்லாப் பாத்துக்கோங்க. இன்னிக்கு ஒரு வேலையும் செய்ய மாட்டேன்."

கோபத்தோடு உட்கார்ந்தவள் இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள். அத்தனை அசதி. கண் விழித்தபோது மூத்திர வாடை அடித்தது. விரிப்பு நனைந்திருந்தது. உபகாரசாமி விழித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட வேண்டியதுதான?"

"தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

"எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்கறீங்க?"

"இப்பத்தான்."

பொய். விரிப்பின் ஓரம் காயவே தொடங்கியிருந்தது. இன்னாசிமேரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கோபமா பாசமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே விரிப்பை உருவினாள்.